மூன்று மூடி குளோரின்: தூத்துக்குடியில் ஒரு கழுவு தொட்டியைப் பார்க்கப் போனது

தூத்துக்குடிக்குப் போய்வந்தேன் என்றதும் "முத்து வாங்கினாயா?" என்று ஐந்து பேர் கேட்டார்கள். "மக்ரூன் வாங்கினாயா?" என்று கேட்டவர்கள் அதைவிட அதிகம். நான் போனது ஒரு கழுவு தொட்டியைப் பார்க்க. இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது பழகியிருக்கும். கோயிலையும் அருவியையும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பட்டறை பார்க்கப் போகிறவர்களுக்கு எழுதத்தான் ஆள் இல்லை.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவையில் நானும் கணவரும் நடத்தும் பட்டறையில் பம்புக்கான தண்டுகள் கடைகிறோம். கடைந்த தண்டில் எண்ணெய் ஒட்டியிருக்கும். அதை எடுக்க டிரைக்ளோர் என்கிற கரைப்பானைத் தொட்டியில் ஊற்றிச் சூடாக்குவோம். எழும் ஆவியில் தண்டைத் தொங்கவிட்டால் எண்ணெய் தானாகக் கழன்றுவிடும், துடைக்கக்கூட வேண்டாம். பதினொரு வருடமாக அந்தத் தொட்டியில் நிற்பவர் ரங்கசாமி. கொஞ்ச நாளாக மாலையானால் தலை கனக்கிறது என்கிறார். அந்த ஆவி உடம்புக்கு ஆகாது, புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும் என்று டிரம்மின் மேலேயே எழுதியிருக்கிறது. எழுத்து சின்னது, எங்கள் அலட்சியம் பெரியது.

தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தும் காரச் சோப்பு ஒன்றை விற்க ஒரு பிரதிநிதி வந்தார். "தூத்துக்குடியில விசைப்படகு இன்ஜின் பட்டறை ஒண்ணுல நாலு மாசமா ஓடுதுங்க, ஒரு குறையும் இல்லீங்க" என்றார். விற்பவர் சொல்வதைக் கேட்டு வாங்கும் வழக்கம் எனக்கு இல்லை. கணவரோ, தண்ணீர் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், இதைத் தெரிந்துகொள்ள தூத்துக்குடி வரை போக வேண்டுமா என்று கேட்டார். அவர் கேட்டதாலேயே போவது என்று முடிவு செய்தேன். மே மாதம் இரண்டாம் வாரம். அந்த வெயிலில் அங்கே போவது அறிவுள்ள காரியம் இல்லை, நீங்கள் டிசம்பரில் போங்கள்.

காலை 6.10க்கு சிங்காநல்லூரில் பேருந்து ஏறினேன். மதுரைக்கு 175 ரூபாய். ஆரப்பாளையத்தில் இறங்கும்போது மணி 11.40. தூத்துக்குடிப் பேருந்து மாட்டுத்தாவணியிலிருந்துதான் கிளம்பும், ஆகவே நடுவில் ஒரு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் உட்கார இடமும் இல்லை. மாட்டுத்தாவணியில் 12.45க்கு ஏறி, 130 ரூபாய் கொடுத்து, 3.50க்கு தூத்துக்குடி புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினேன். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஏசி இல்லாத அறை ஒரு நாளைக்கு 850 ரூபாய். மின்விசிறி வெந்நீரைத் தெளிப்பதுபோல் காற்றை அடித்தது. இரவு பொரிச்ச பரோட்டா இரண்டு தின்றேன். அதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை 8.45க்கு ஆட்டோ பிடித்தேன். பட்டறை இருப்பது முள்ளக்காட்டுக்குப் பக்கத்தில், திருச்செந்தூர் சாலையில் ஒன்பது கிலோமீட்டர், 250 ரூபாய். ஓட்டுநர் பெயர் முத்துக்குட்டி.

"கோயம்புத்தூராக்கா? வார்த்தைக்கு வார்த்த 'ங்க' போடுதிய, அதான் கேட்டேன்."

"ஆமாங்க. இங்க முத்து எடுக்கறது இப்ப நடக்குதுங்களா?"

"எங்க அப்பா காலத்துலயே நின்னுபோச்சு. முத்து இப்பம் நகைக்கடையிலயும் என் பேருலயும்தான் இருக்கு."

இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளைக் குவியல்களின் மேல் ஓலையும் பிளாஸ்டிக் தாளும் போட்டு மூடியிருந்தார்கள். காற்றிலேயே உப்பு இருந்தது, உதட்டை நக்கினால் தெரிந்தது. இப்படிப்பட்ட ஊரில் இரும்பைத் தண்ணீரில் கழுவுகிறவர்களுக்குத் துணிச்சல் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறை உரிமையாளர் மிக்கேல் அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம், அண்ணன் தம்பிகள் எல்லாம் படகு வைத்திருக்கிறார்கள், இவர் மட்டும் கரையில் இன்ஜின் பார்க்கிறார். அப்போது மீன்பிடித் தடைக்காலம். அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஆகவே எல்லாப் படகுக்காரர்களும் அந்த நாட்களில்தான் இன்ஜினைப் பிரிப்பார்கள். ஜூன் நடுவில் தடை முடியும்போது எல்லா இன்ஜினும் தயாராக இருக்க வேண்டும்.

"நீங்க சோப்பு பாக்க வந்திய மேடம். நான் துருவக் காட்டுதேன், பாருங்க" என்று ஒரு தட்டை என் முன்னால் வைத்தார். டீசல் தெளிக்கும் நாசிலைப் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கூடுகள், நாற்பத்தெட்டு. எல்லாவற்றின் மேலும் மஞ்சளும் பழுப்புமாகத் துரு பூத்திருந்தது. பிரதிநிதி சொன்ன 'ஒரு குறையும் இல்லை' இதுதான் போலிருக்கிறது. எனக்குக் கோபம்கூட வரவில்லை, பேருந்துக் கட்டணம்தான் ஞாபகம் வந்தது.

முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்ததாம். ஏப்ரல் கடைசியில் துரு தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகிறதாம். மூலையில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருந்த பழைய டிரைக்ளோர் தொட்டியை அவர் காட்டினார். பக்கத்தில் புதிதாக வந்து இறங்கிய ஒரு டிரைக்ளோர் டிரம். "நாளைக்குக் காலைல பத்து படகோட சாமான் வருது. இன்னைக்குச் சாயந்திரம் வரைக்கும் பாப்பேன். துரு நிக்கலன்னா பழைய தொட்டியப் பத்தவச்சிர வேண்டியதுதான். நடுக்கடல்ல இன்ஜின் நின்னா யாரு பதில் சொல்லுவா?"

கழுவும் பிரிவில் இருந்தது இரண்டே பேர். பொறுப்பாளர் ஜெசிந்தா, முப்பத்தைந்து வயது. ஏற்றுமதிக்கு இறால் பதப்படுத்தும் கம்பெனியில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். தொட்டியில் நிற்பவர் அவருடைய அண்ணன் அந்தோணி. ஒன்பது வருடம் டிரைக்ளோர் ஆவியில் நின்றவர். மதியத்துக்குமேல் தள்ளாடுவாராம், இரண்டு முறை விழுந்தும் இருக்கிறார். சோப்புத் தொட்டி வேண்டும் என்று முதலாளியிடம் மூன்று மாதம் நச்சரித்து வாங்கியவர் ஜெசிந்தா.

"சோப்பு வந்த பிறவு ஒருநாள்கூட விழலக்கா. ராத்திரி ஒழுங்கா உறங்குதான்" என்றார் என்னிடம். பிறகு, அண்ணன் காதில் விழாதபடி, "அந்தப் பழைய தொட்டி மறுபடி வந்துட்டுன்னா இவனால வேற வேலைக்கும் போவ முடியாது, இங்கனதான் நிப்பான்" என்றார். கண் கலங்கவில்லை. கணக்குச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

வேலை நடக்கும் முறையைக் காட்டச் சொன்னேன். முதல் தொட்டியில் சூடான சோப்புத் தண்ணீர், பத்து நிமிடம். எண்ணெய் சுத்தமாகப் போய்விடுகிறது. வெளியே எடுத்த கூட்டின்மேல் தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாக வழிந்தது, எண்ணெய் போனதற்கு அதுதான் அடையாளம். இரண்டாவது தொட்டி அலசுவதற்கு. அதன் பக்கம் குனிந்தபோது மூக்கில் சுருக்கென்று ஏறியது. எங்கள் தெருவில் குடிநீர்த் தொட்டியைக் கழுவிய மறுநாள் குழாயில் வரும் அதே நெடி, ஆனால் பலமடங்கு.

"இதுல குளோரின் போடறீங்களா?"

"பின்ன?" ஜெசிந்தா என்னை அழுக்கான ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வெயில் வந்த பிறவு தொட்டித் தண்ணி வழவழன்னு ஆயிட்டுக்கா. கம்பெனில அப்படி ஆனா உடனே குளோரின் ஊத்துவோம். ஒரு மூடி ஊத்துனேன். பிறவு சாமான்ல புள்ளி வந்துச்சு, சரி அழுக்கு இருக்குன்னு ரெண்டு மூடி ஊத்துனேன். புள்ளி கூடிட்டு. இப்பம் மூணு மூடி."

இறால் கம்பெனியில் புள்ளி என்றால் கிருமி, மருந்து குளோரின். எட்டு வருடம் அதைச் சொல்லியே பழக்கியிருக்கிறார்கள், கையை முக்கு, காலை முக்கு, மேசையைத் துடை என்று. அந்தச் சுத்தத்தை அவர் அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டார். இரும்புக்கோ குளோரின்தான் எதிரி. துருவைக் கண்டு குளோரினைக் கூட்ட, குளோரினைக் கண்டு துரு கூடியிருக்கிறது. அதோடு, அலசியது சரியில்லை என்று இத்தனை நாளும் அண்ணனைத்தான் திட்டியிருக்கிறார்.

நான் இதைச் சொன்னதும் மிக்கேல் அண்ணாச்சி வேகமாக எழுந்து போய், சுவரோரம் இருந்த வெள்ளைக் கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "ஆசிட்டு மேடம். துருவ எடுக்கதுக்கு வாங்கினேன். மத்தியானம் இந்த அலசுத தொட்டியிலயே ஊத்தி முக்கச் சொல்லியிருந்தேன்." குளோரின் கலந்த தண்ணீரில் ஆசிட்டை ஊற்றினால் எழும் வாயுவில் நின்ற இடத்திலேயே மூச்சு அடைத்துவிடும். நான் காலையில் வராமல் மத்தியானத்துக்குமேல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்க விருப்பமில்லை.

ஆனாலும் அவர் என் வார்த்தையை அப்படியே ஏற்கவில்லை. அதுதான் சரி, நானும் ஏற்றிருக்க மாட்டேன். சோதித்துப் பார்ப்போம் என்றார். ஆறு கூடுகளைத் துருபோகத் தேய்த்து, சோப்பில் கழுவி, மூன்றைக் குளோரின் தண்ணீரிலும் மூன்றை வெறும் போர்வெல் தண்ணீரிலும் அலசிக் கம்பியில் தொங்கவிட்டோம். மணி 11.15. சாயந்திரம்வரை காத்திருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து துரு வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. முத்துக்குட்டிக்கு போன் செய்தேன். புன்னைக்காயல் போய்வர, காத்திருப்புக்கும் சேர்த்து 900 ரூபாய்.

பழையகாயல், முக்காணி, ஆத்தூர் வழியாகச் சுமார் இருபத்துநான்கு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். முக்காணியில் தாமிரபரணியைக் கடக்கும்போது வயலும் வாழையுமாக இருக்கும், ஆத்தூரில் கடற்கரைப் பக்கம் திரும்பியதும் மண் வெளுத்துவிடும். புன்னைக்காயல் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவர் ஊர். பெரிய கோயில், அதாவது தேவாலயம், அதைச் சுற்றித் தெருக்கள், தெருவெல்லாம் வலை. தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், இங்கே ஃபைபர் படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. கடையில் எலுமிச்சை சர்பத் 20 ரூபாய்.

கரையில் ஒருவர் படகிலிருந்து கழற்றிய இன்ஜினை ஒரு நீல டிரம்முக்குள் இறக்கி, தண்ணீரில் ஓட்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"உள்ள உப்பு நிக்கும்லா. கடலுக்குப் போயிட்டு வந்தா நல்ல தண்ணியில பத்து நிமிசம் ஓட்டணும்."

"போர் தண்ணியா?"

அவர் சிரித்தார். "இங்கன போர் தண்ணியும் கடல் தண்ணியும் அக்கா தங்கச்சி. இது லாரித் தண்ணி. குடிக்கதுக்கு வாங்குனதுல ஊத்துதேன், வீட்டுல ஏச்சுதான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முள்ளக்காடும் கடலிலிருந்து அதிகத் தூரமில்லை, வெயில் ஏற ஏறப் பட்டறையின் போர்வெல் தண்ணீரிலும் உப்பு ஏறியிருக்கும். உடனே ஜெசிந்தாவுக்கு போன் செய்து, இன்னும் மூன்று கூடுகளைக் கழுவி, குடிக்கும் கேன் தண்ணீரில் அலசித் தனியாகத் தொங்கவிடச் சொன்னேன். மணி 1.20. அந்த இன்ஜின்காரர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். எங்கள் ஊர் ஆலோசகர்கள் கோட்டு போட்டுக்கொண்டு வந்து இதைவிடக் குறைவாகச் சொல்லுவார்கள்.

திரும்பிப் பட்டறைக்குள் நுழையும்போது 4.40. மூன்றாவது வரிசை பிந்தித் தொங்கியது, அதற்கும் நாலு மணி நேரமாவது ஆகட்டும் என்று மிக்கேல் அண்ணாச்சி 5.30 வரை யாரையும் தொடவிடவில்லை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். குளோரின் தண்ணீரில் அலசியவை முழுக்கப் பழுப்பு. போர்வெல் தண்ணீரில் அலசியவற்றில் ஓரங்களில் புள்ளிகள். கேன் தண்ணீரில் அலசிய மூன்றும் பளிச்சென்று இருந்தன. விரலை உள்ளே விட்டுத் தேய்த்துப் பார்த்தார், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் துருவ ஊத்தியிருக்கேன். இவனப் போட்டு ஏசிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"விடுளா" என்றார் அந்தோணி. நான் அதுவரை அவரிடம் எதுவும் பேசியிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதைக் கேட்டேன். "நாள் பூரா இந்தத் தொட்டிகிட்டயே நிக்கறீங்க. மூணு மூடி ஊத்தினதுல கண்ணு எரியலீங்களா? அந்த நாத்தம் தாங்க முடிஞ்சுதா?"

"கண்ணு எரிஞ்சுது, வெயிலுன்னு நெனச்சேன். நாத்தம் எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதுன்னா?"

"எந்த வாசமும் தெரியாது. அஞ்சு வருசமாச்சு."

ஜெசிந்தா எழுந்து நின்றார். "என்னது? ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வ? வேலைக்குப் போவாதம்ப."

"நேத்து மீன்கொழம்பு நல்லாருக்குன்னியே!"

"உறைப்பு தெரிஞ்சுதுளா" என்றார் அவர், சமாதானம் சொல்வதுபோல.

நான் டாக்டர் இல்லை. அந்த ஒன்பது வருடத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அடித்துச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அந்த இடத்தில் யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. மிக்கேல் அண்ணாச்சி அலமாரியிலிருந்து குளோரின் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, தன் மூக்குக்குக் கீழே வைத்தார். உடனே இருமினார், கண்ணில் தண்ணீர் வந்தது. அவரும் இளவயதில் ஆறு வருடம் அந்தத் தொட்டியில் நின்றவர் என்று ஜெசிந்தா பின்னால் சொன்னார். இருமல் அடங்கியதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அதை அந்தோணி பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் போய்விட்டது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

பிறகு மிக்கேல் அண்ணாச்சி போனை எடுத்து, விற்றவரிடம் டிரைக்ளோர் டிரம்மைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். பழைய தொட்டியை என்ன செய்வது என்று ஜெசிந்தா கேட்டதற்கு, "வெட்டிப் பழைய இரும்புக்குப் போடு. நாளைக்கே" என்றார். "அவனை நாளைக்கு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நான் இங்கன அலசுதேன்."

இனி இதேபோல் பார்க்கப் போகிறவர்களுக்கு. தண்ணீர்ச் சோப்புக்கு மாறுவதில் சோப்பு பாதிதான், மீதி தண்ணீர். உப்பை அளக்கும் பேனா மாதிரி ஒரு மீட்டர் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர், அது வழவழத்தால் கொட்டிவிட்டு மாற்றுங்கள், மருந்து ஊற்றாதீர்கள். அலசியதும் காற்றடித்து உலர்த்தி, துரு தடுக்கும் எண்ணெயில் ஒரு முக்கு. குளோரினையும் ஆசிட்டையும் ஒரே அறையில்கூட வைக்காதீர்கள். பட்டறைக்காரர்கள் வெள்ளிக்கிழமை காலை நிதானமாகப் பேசுவார்கள், சனிக்கிழமை மாலை பேச மாட்டார்கள். கோவையிலிருந்து போய்வர, தங்கல், சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு நான்காயிரத்துக்குள் முடிந்தது. கருவாடு வாங்கினால் நான்கு உறை போட்டுக் கட்டுங்கள். நான் இரண்டு உறைதான் போட்டேன், மதுரை வரை நடத்துனர் என்னை முறைத்துக்கொண்டே வந்தார்.

ஊர் திரும்பியவள் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பட்டறைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். கருவாட்டுப் பையைச் சாப்பிடும் மேசையின் மேல் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள், கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டே முதலில் போனார். ரங்கசாமி மட்டும் பைக்குப் பக்கத்தில், முழங்கை அதன்மேல் படுகிற தூரத்தில் உட்கார்ந்து தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, எல்லாரும் வெளிய போய்ச் சாப்படறாங்க?" என்று கேட்டார்.

நான் எழுந்துபோய் டிரைக்ளோர் தொட்டியின் ஹீட்டரை அணைத்தேன்.